புல்லும் பயிர்தான்: கோடையில் மெலிந்த மேய்ச்சல் நிலத்தை மீட்ட அனுபவம்

போன மாதம் போளூர் பக்கத்தில் இருந்து ஒரு நண்பர் போன் செய்தார். "ஐயா, கோடை முடிஞ்சு பாத்தா மாடு மேயுற நெலத்துல புல்லே இல்ல. ஒரு மழைதான் பேஞ்சுது, பார்த்தீனியமும் கோரையும் கெளம்பிடுச்சு. மொத்தமா உழுதுபோட்டுட்டு கோ-4 நட்டுடலாமா?" என்று கேட்டார்.

"உழாதீங்க, நான் எழுதி அனுப்புறேன்" என்றேன். எழுத உட்கார்ந்தபோது இந்தக் கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல என்று தோன்றியது. இரண்டு மாடு வைத்திருக்கிற ஒவ்வொரு இயற்கை உழவரும் வைகாசி மாதம் இதே கவலையோடுதான் நிற்கிறார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

உழாதே என்று நான் சொல்வதற்குக் காரணம், நான் உழுதேன்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையுமே வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது. வேங்கிக்கால் எல்லையில் எங்களுக்கு இருக்கும் நாலு ஏக்கரில் ஒரு ஏக்கர் செம்மண் சரளை மேடு. அதில் பயிர் வைக்க முடியாது, மாடுதான் மேயும். அந்தக் கோடையில் அது அடுப்பு மேடை மாதிரி காய்ந்து கிடந்தது. ஆனியில் முதல் மழை விழுந்ததும் பச்சை தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் பார்த்தீனியம், கோரை, நெருஞ்சி. புல் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, ரோட்டவேட்டரை விட்டு ஒரே நாளில் மொத்தத்தையும் புரட்டிப் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. நாற்பதே நாளில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளைப் பூவாகப் பார்த்தீனியம் நின்றது. கீழே கோரை, முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு.

அதோடு இன்னொரு தப்பும் செய்தேன். பூத்து நின்ற அந்தச் செடிகளைப் பிடுங்க நாலு பெண்களை வெறும் கையோடு விட்டேன். அதில் ஒரு அம்மாவுக்குக் கையெல்லாம் தடித்து, அரித்து, ஒரு மாதம் வேறு வேலைக்கே போக முடியவில்லை. மருத்துவச் செலவை நான் கொடுத்தேன். ஆனால் ஒரு மாதக் கூலியோடு அந்த அரிப்பும் சேர்ந்த கணக்கு அது. இன்றுவரை எனக்கு உறுத்தல்தான்.

மழை குறைவா, புல் குறைவா?

மறுவருடம் காங்கயம் பக்கம் போனேன். காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் 'கொறங்காடு' என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, நடுவில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. காங்கயம் காளை இந்த மேய்ச்சலில் வளர்ந்ததுதான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைப் பேணி வளர்த்த வரலாறு நமக்குத் தெரியும். குட்டப்பாளையத்தில் உள்ள சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை மாட்டோடு சேர்த்துக் கொறங்காட்டையும் காப்பாற்ற வேண்டும் என்று பேசிவருகிறது.

அங்கே நின்றபோது எனக்கு உறைத்தது மழைக் கணக்கு. அந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. நம்ம திருவண்ணாமலைக்கு 1,000 மில்லிமீட்டரை ஒட்டி. தென்மேற்கிலும் கொஞ்சம், வடகிழக்கிலும் கொஞ்சம் என்று இரண்டு பருவத்திலும் நமக்குக் கிடைக்கிறது. நம்மைவிட மழை குறைந்த ஊரில் புல் நிற்கிறது. மழை கூடுதலான நம்ம மேட்டில் பார்த்தீனியம் நிற்கிறது. அப்படியென்றால் பழியை வெயில் மேல் மட்டும் போட முடியாது.

வித்தியாசம் வேலியில் இருந்தது. கொறங்காட்டில் வேலி இருப்பது திருடனுக்காக மட்டும் இல்லை. நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றில் மாட்டை விட்டால் மற்றதை ஓய்வாக விடுவதற்காகவும்தான். எங்கள் மேட்டில் வருடம் 365 நாளும் மாடு நின்றது. காலையில் அவிழ்த்துவிட்டால் சாயங்காலம்தான் வரும். புல் ஒரு அங்குலம் துளிர்த்தால் அன்றைக்கே அது மாட்டு வயிற்றில். கோடை வரும்போது அந்தப் புல்லுக்கு வேரே இருக்கவில்லை.

மேலே வெட்டினால் கீழே என்ன ஆகிறது?

இதை ஒருவர் அளந்தே பார்த்திருக்கிறார். அமெரிக்க வேளாண்மைத் துறையில் இருந்த ஃபிராங்க்ளின் கிரைடர் 1955இல் வெளியிட்ட ஆய்வு அது. புல்லின் இலையில் எவ்வளவு வெட்டினால் வேர் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார். 40 சதம் வரை வெட்டினால் வேருக்கு ஒன்றும் ஆகவில்லை. 50 சதம் வெட்டினால் 2 முதல் 4 சத வேர்தான் வளர்ச்சியை நிறுத்தியது. 60 சதம் வெட்டியதும் பாதி வேர் நின்றது. 80 சதத்தைத் தாண்டினால் எல்லா வேரும் நின்றுபோய், பன்னிரண்டு நாள், பதினேழு நாள் என்று அசையாமல் கிடந்தது.

பாதி வரைக்கும் பிரச்சினை இல்லை, பாதியைத் தாண்டியதும் சரிவு என்பதுதான் இதில் நமக்கு வேண்டிய செய்தி. வங்கியில் இருந்தபோது வாடிக்கையாளர்களிடம் அசலைத் தொடாதீங்க, வட்டியை எடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். என் நிலத்தில் அசலையே மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். புல்லுக்கு அசல் என்பது அடியில் இருக்கிற நாலு விரல்கடை. அங்கேதான் துளிர்க்கும் கணு இருக்கிறது, அடுத்த இலைக்கான சேமிப்பு இருக்கிறது.

வேர் குட்டையானால் கோடையில் மேல்மண் காயும்போதே புல்லும் காய்கிறது. புல் காய்ந்த இடத்தில் மண் வெறுமையாகிறது. வெறும் செம்மண்ணில் மழைத்துளி நேராக அடித்தால் மேலே பக்கு கட்டுகிறது. மாட்டுக் குளம்பு அதை மேலும் இறுக்குகிறது. அந்த இறுகின வெற்று மண்ணில் முதலில் முளைப்பது களைதான். களை வந்து புல்லைக் கொன்றது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் புல் போன இடத்தைத்தான் களை பிடித்துக்கொள்கிறது. அதனால் களையைப் பிடுங்குவது வேலையில் பாதிதான். வெற்று மண்ணை மூடுவதுதான் மீதிப் பாதி.

முதலில் கணக்கெடுங்கள்

உழுவதற்கும் விதை வாங்குவதற்கும் முன்னால் நாலு சோதனை. செலவு இல்லை.

நூறு எட்டு: நிலத்தின் ஒரு மூலையில் இருந்து எதிர்மூலைக்கு நூறு எட்டு நடங்கள். ஒவ்வொரு எட்டிலும் கால் கட்டைவிரல் நுனியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். புல், களை, வெற்று மண் என மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒரு துண்டுத்தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். 2018இல் என் நிலத்தில் புல் 22, களை 37, வெற்று மண் 41. கணக்கு கையில் வந்த பிறகுதான் களையைவிட வெற்று மண் பெரிய பிரச்சினை என்று எனக்குப் புரிந்தது. புல் நாற்பதுக்கு மேல் இருந்தால் ஓய்வு கொடுத்தாலே பெரும்பாலும் தேறிவிடும் என்பது என் அனுபவம். அதற்குக் கீழே என்றால் விதையும் வேண்டும்.

உயிர் இருக்கிறதா: காய்ந்து பழுப்பாக இருப்பதெல்லாம் செத்த புல் இல்லை. அருகம்புல்லும் கொழுக்கட்டையும் கோடையில் தூங்கும். தூரின் அடியை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. சந்தேகம் என்றால் ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு வாரத்தில் துளிர் வந்துவிடும், இல்லையென்றால் இல்லை. 2017இல் நான் இதைச் செய்திருந்தால் ரோட்டவேட்டர் வாடகை மிச்சம்.

மண் குடிக்கிறதா: இரண்டு பக்கமும் வெட்டிய ஒரு தகர டப்பாவை இரண்டு விரல்கடை ஆழம் மண்ணில் அழுத்தி, உள்ளே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். எங்கள் வேப்பமரத்தடியில் மூன்று நிமிடத்தில் குடித்துவிட்டது. மாடு நிற்கும் வெற்று இடத்தில் அரை மணி ஆகியும் பாதி அப்படியே நின்றது. அங்கே எவ்வளவு மழை பெய்தாலும் அது நமக்கு இல்லை, ஓடைக்குத்தான்.

என்ன களை: பார்த்தீனியம் என்றால் வெற்று நிலம், ஓய்வில்லாத மேய்ச்சல். நெருஞ்சி என்றால் மிதிபட்டு இறுகிய மண். கோரை அடர்ந்து நின்றால் அடிக்கடி கிளறிய மண், அல்லது நீர் தேங்கும் பள்ளம். ஆவாரையும் கொழிஞ்சியும் இருந்தால் மாடு வேண்டாததை ஒதுக்கிவிட்டு வேண்டியதை ஒட்டக் கடித்திருக்கிறது என்று பொருள்.

களையை ஒரே மாதிரி பார்க்கக் கூடாது

பார்த்தீனியம்: 1955 வாக்கில் புனே பக்கம் கண்ணில் பட்ட செடி, இன்று இல்லாத ஊர் இல்லை. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். அந்த விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உழுதால் கீழே கிடந்ததெல்லாம் மேலே வரும். முளைத்த நாலு முதல் ஆறு வாரத்தில் பூத்துவிடும். எனவே மழை விழுந்த மூன்றாவது வாரம்தான் பிடுங்க நல்ல நேரம். மண் ஈரமாக இருக்கும், வேரோடு வரும், பூ இருக்காது. அப்போதும் கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கை மூடிய துண்டு மூன்றும் கட்டாயம். கூலிக்கு வருபவர்களுக்கு இதை வாங்கிக் கொடுப்பது நம் பொறுப்பு. பூக்காத செடியை வெற்று மண் மேல் மூடாக்காகவே போட்டுவிடலாம், அல்லது மட்கவைக்கலாம். பூத்துவிட்டால் மட்குக் குழிக்குக்கூட அது ஆகாது.

இலையில் சின்னதாக, வெண்மஞ்சளில் பழுப்புக் கோடு போட்ட வண்டு தெரிந்தால் விட்டுவிடுங்கள். பார்த்தீனியத்தைத் தின்பதற்காகவே மெக்சிகோவில் இருந்து கொண்டுவந்து 1984 முதல் பெங்களூரில் விடப்பட்ட வண்டு அது. மழைக்காலத்தில் வேலை செய்யும். அது ஒன்றே முழுத் தீர்வு ஆகாது, ஆனால் நமக்குச் சம்பளம் இல்லாத ஆள். ஆவாரை, கொழிஞ்சி, தகரை மூன்றும் பார்த்தீனியத்தோடு போட்டி போட்டு அதை அடக்கக்கூடிய நம்ம செடிகள். வேலி ஓரத்தில் இவை இருந்தால் இருக்கட்டும்.

கோரை: இதைக் கிளறக் கிளறப் பெருகும். மண்ணுக்குள் கிழங்கு சரம் சரமாக இருக்கும், ரோட்டவேட்டர் அந்தச் சரத்தை அறுத்து நிலம் முழுக்க நட்டுவிடுகிறது. நான் காசு கொடுத்துச் செய்ததும் அதைத்தான். கோரைக்கு ஆகாதது நிழல். புல் அடர்ந்து உயர்ந்தால் தானாக மெலியும். மெதுவாகத்தான் நடக்கும், எங்கள் பள்ளத்தில் இன்னும் இருக்கிறது.

நெருஞ்சி: மஞ்சள் பூ வந்ததும், காய் முள்ளாகும் முன் களைக்கொத்தால் வேரை வெட்டுங்கள்.

வெட்டுக்காயப்பூண்டு, அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி: இவற்றைத் தொடவே வேண்டாம். மண்ணை மூடிவைக்கின்றன. புல் வந்ததும் ஒதுங்கிக்கொள்ளும்.

களைக்கொல்லி ஒருமுறை அடித்தால் தீர்ந்துவிடும் என்று பக்கத்து நிலத்தார் எனக்கும் சொன்னார். நம்ம கொள்கை ஒருபக்கம் இருக்கட்டும். களையைக் கருக்கினாலும் கிடைப்பது வெற்று மண். வெற்று மண்ணில் அடுத்து முளைப்பது என்ன? பழையபடி பார்த்தீனியம்தான்.

காய்ந்த புல்லைக் கொளுத்திவிட்டால் புதுசாகத் துளிர்க்கும் என்ற நம்பிக்கையும் நம்ம பக்கம் உண்டு. கோடையில் அண்ணாமலையார் மலையில் ராத்திரி தீக்கோடு ஊர்வதைப் பார்த்திருக்கிறோம். மலையில் மரம் வளர்க்கிறவர்கள் கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டிக் காவல் காக்கிறார்கள். அந்தச் சருகுதான் மண்ணுக்குப் போர்வை. நாமே அதை எரித்துவிட்டு அப்புறம் மூடாக்குக்கு வைக்கோல் தேடக் கூடாது.

மீட்கும் வேலை

2018 ஆனி தொடங்கி நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, மாட்டை நிறுத்தினேன். இதுதான் கஷ்டமான வேலை. இரண்டு மாடு, ஒரு கன்றுக்குட்டி. ஆனி முதல் கார்த்திகை வரை ஆறு மாதம் அந்த ஏக்கரில் காலே வைக்கவிடவில்லை. சோளத்தட்டு, வைக்கோல், வரப்புப் புல் என்று வெளியே இருந்து கொடுத்தோம். "மாடு வெச்சிருக்கறது புல்லுக்கா, புல்லு வெச்சிருக்கறது மாட்டுக்கா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முழு நிலத்தையும் மூட முடியாதவர்கள் பாதியை இந்த வருடம், பாதியை அடுத்த வருடம் என்று மூடலாம்.

இரண்டு, மண்ணைத் திறந்தேன். உழவில்லை. வெற்று இடங்களில் மட்டும் சரிவுக்குக் குறுக்கே அரைவட்டக் குழிகள். ஓர் ஆள் படுக்கும் அகலம், ஒரு சாண் ஆழம், எடுத்த மண் கீழ்ப்பக்கம் கரையாக. மேலிருந்து ஓடிவரும் தண்ணீர் அதில் நின்று இறங்கும். குழிகளுக்கு இடையே கடப்பாரையால் அடிக்கு ஒரு குத்து, மேலே முள்ளும் சுள்ளியும் பரப்பல். முள் கிடந்தால் ஆடு வராது, அதன் நிழலில் விதை முளைக்கும்.

மூன்று, கிடை. ஆனியில் மூன்று ராத்திரி செம்மறிக் கிடை போட்டோம். புழுக்கையும் மூத்திரமும் சீராக விழ இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு எச்சரிக்கை: சீமைக்கருவேல நெற்று தின்ற ஆட்டின் புழுக்கையில் அந்த விதை முழுசாக வரும். கிடைக்காரரிடம் எங்கே மேய்ந்தது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். மழை தொடங்கியபின் மாதம் ஒருமுறை ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் தெளித்தோம்.

நான்கு, விதை. புல்லுக்குக் கொழுக்கட்டைப் புல். வேளாண் பல்கலைக்கழகம் நீலக் கொழுக்கட்டை என்று ஒரு ரகம் வைத்திருக்கிறது. ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விதை. இதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். நண்பர் நிலத்தில் உருவிய புது விதையை அப்படியே விதைத்தேன், ஒன்றும் முளைக்கவில்லை. கொழுக்கட்டை விதைக்கு உறக்கம் உண்டு. ஆறு முதல் எட்டு மாதம் பழகிய விதைதான் நன்றாக முளைக்கும். இதற்குத் துணையாக முயல் மசால் போட்டோம். பயறு வகைச் செடி என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்து, மாட்டுக்குப் புரதம். அதன் தோல் கெட்டி. 80 டிகிரி சூட்டுத் தண்ணீரில் நாலு நிமிடம் போட்டு எடுத்து, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கக் கூடாது, அடியில் சிறு குமிழி கட்டி ஆவி பறக்கும் பக்குவத்திலேயே இறக்கிவிட வேண்டும். புல் மூன்று பங்குக்கு மசால் ஒரு பங்கு.

கொழுக்கட்டை விதை பஞ்சு மாதிரி. காற்றில் பறக்கும், எறும்பு இழுத்துப் போகும். அதனால் களிமண் இரண்டு பங்கு, சாணம் ஒரு பங்கு சேர்த்துப் பிசைந்து, இரண்டு மூன்று விதை வைத்துச் சுண்டைக்காய் அளவு உருண்டை பிடித்து நிழலில் காயவைத்தோம். பேரப்பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உருட்டினார்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது புல்லுக்கும் பொருந்தும். ஆனால் முதல் மழைக்கு அவசரப்படக் கூடாது. இரண்டாவது நல்ல மழை பெய்து, கடப்பாரை சுலபமாக இறங்கும்போது உருண்டைகளைக் குழிக்கரையிலும் முள் அடியிலும் தூவினோம். மூடவில்லை. மூடினாலும் ஒரு நகக்கண் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது.

விதை கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். நன்றாக நிற்கும் ஒரு தூரைப் பிடுங்கி நாலாகப் பிரித்து, இலையை அரையடிக்குக் கத்தரித்து, ஒரு முழத்துக்கு ஒன்று நடலாம். அருகு என்றால் கணு உள்ள கொடித் துண்டு போதும். வரப்பில் வெட்டி எறியும் அருகு எல்லாம் நாற்றுதான்.

ஐந்து, முதல் அறுப்பு. எழுபது எழுபத்தைந்து நாளில் கொழுக்கட்டை முழங்கால் உயரம் வந்தது. அப்போதும் மாட்டை விடவில்லை. கருக்கரிவாளால் நாலு விரல்கடை விட்டு அறுத்துப் போட்டோம். முதல் வருடப் புல்லுக்கு வேர் பிடிமானம் போதாது, மாடு இழுத்தால் தூரோடு வந்துவிடும். தீபத்துக்கு ஊர் நிறைந்த சமயம் புல் கதிர் தள்ளியது. முற்றி உதிரட்டும் என்று விட்டோம். அடுத்த வருட விதை அதுதான்.

மீட்டதைக் காப்பது

தை மாதம் நிலத்தை இருபது இருபது சென்ட் துண்டுகளாக ஐந்தாகப் பிரித்தேன். எல்லையில் கிளுவைப் போத்து நட்டேன். அது வேலியாகும்வரை கயிறும் முளைக்குச்சியும்தான். மழைக்காலத்தில் ஒரு துண்டில் ஆறு ஏழு நாள். மறுபடி அதே துண்டுக்கு மாடு வர நாலு ஐந்து வாரம் ஆகும்.

நாள் கணக்கு வழிகாட்டிதான், சட்டம் இல்லை. சட்டம் புல்லின் உயரம். ஒரு சாணுக்கு மேல் வளர்ந்தால் மாடு உள்ளே, நாலு விரல்கடைக்கு வந்தால் வெளியே. கோடையில் ஒரு சாண் வளரவில்லை என்றால் மாடு உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான். அப்போது கட்டுத்தறியில் வைத்து வைக்கோல் போடுவது செலவு மாதிரித் தெரியும். ஆனால் அந்த ஒரு மாத வைக்கோல் அடுத்த ஆறு மாதப் புல்லை மிச்சப்படுத்துகிறது.

2019 கோடையும் மோசம், சென்னையில் குடங்கள் வரிசையில் நின்ற வருடம் அது. எங்கள் மேடும் பழுப்பாகத்தான் காய்ந்தது. ஆனால் மண் தெரியவில்லை, சருகு மூடியிருந்தது. முதல் மழை விழுந்து எட்டாவது நாள் துளிர் வந்தது. அந்த ஆவணியில் நூறு எட்டு நடந்தேன். புல் 58, களை 24, வெற்று மண் 18. முன்பு பங்குனி முதல் ஆவணி வரை வைக்கோல் வாங்குவோம். இப்போது சித்திரை, வைகாசி இரண்டு மாதம்தான் வாங்குகிறோம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. பள்ளத்தில் நீர் நின்று முயல் மசால் அழுகிப்போனது, அங்கே கோரைதான் ராஜா. பார்த்தீனியம் வேலிக்கு வெளியே ரோட்டோரத்தில் பூத்து ஒவ்வொரு வருடமும் விதையை உள்ளே அனுப்புகிறது. ஆடி மாதம் இரண்டு நாள் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். முன்பு பதினைந்து ஆள் கூலி, இப்போது நானும் என் வீட்டுக்காரரும் போதும். வெள்வேலங்கன்று நாலு வைத்திருக்கிறேன். கொறங்காட்டில் கோடைக்கு அதன் நெற்றுதான் ஆட்டுமாட்டுக்குத் தீனி. அது பெரிதாகி நெற்று உதிர்வதைப் பேரன்தான் பார்ப்பான்.

வீட்டு முன் புல்தரைக்கும் இதேதான்

கிரிவலப் பாதைப் பக்கம் வீடு கட்டியவர்கள் சிலர் வாசலில் புல்தரை வளர்க்கிறார்கள். கோடை முடிந்ததும் சொட்டையாகிக் களை வந்துவிட்டது என்பார்கள். விதி ஒன்றுதான். மாட்டுக்குப் பதில் அங்கே மெஷின். தரையோடு ஒட்ட வெட்டாமல் மூன்று விரல்கடை விடுங்கள். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். தினமும் தெளிப்பதைவிட வாரம் ஒருமுறை ஆழமாக நனையும்படி விடுங்கள், வேர் கீழே போகும். சொட்டை இடத்தில் மண்ணைக் கடப்பாரையால் குத்தி, மட்கிய எருவைத் தூவி, அருகங்கொடி நட்டால் மழைக்காலத்தில் மூடிவிடும்.

தரிசு என்று எழுதாத கணக்கு

என் ஒரு ஏக்கரை அடங்கலில் தரிசு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நான் வங்கியில் இருந்தபோது, இப்படி எழுதிய நிலத்தை அடமானத்துக்கு ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. வேங்கிக்காலைச் சுற்றி முன்பு மாடு மேய்ந்த நிலங்கள் பலவும் இன்று கல் நட்ட மனைகள். பயிர் இல்லாத நிலம், சும்மாதானே கிடக்கிறது என்ற எண்ணம்தான் அதை எளிதாக்கியது. புல்லைப் பயிராக நாமே நினைக்காவிட்டால் யார் நினைப்பார்கள்? நெல்லுக்குப் பட்டம் பார்க்கிறோம், விதை நேர்த்தி செய்கிறோம், களை எடுக்கிறோம், அறுவடைக்கு நாள் குறிக்கிறோம். அதே நாலையும் புல்லுக்குச் செய்தால் அது மாட்டையும் காப்பாற்றும், மாடு நம்மையும் காப்பாற்றும்.

போளூர் நண்பரிடம் நூறு எட்டு நடந்துவிட்டுக் கூப்பிடச் சொல்லியிருந்தேன். நேற்றுக் கூப்பிட்டார். புல் 31, களை 40, வெற்று மண் 29. "நெனச்ச அளவுக்கு மோசமில்லீங்க. நகத்தால கீறிப் பாத்தேன், தூரு வெள்ளையா இருக்கு" என்றார். உழவு டிராக்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இந்த ஆடியில் பாதி நிலத்தை மூடுகிறார். விதை என்னிடம் இரண்டு கிலோ இருக்கிறது, போன வருடத்தது.